பாலம் பழையது, இன்ஜின் புதியது

இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, மண்டபம், இராமேசுவரம் ஊர்களில் கணினி விளையாட்டுக் கடை நடத்தும் நண்பர்களுக்கும், கடை நாற்காலியிலோ வீட்டு மேசையிலோ அமர்ந்து பழைய துப்பாக்கிச் சண்டை கேம்களை ஆடும் தம்பி தங்கைகளுக்கும்,

ஒரு கேம் திக்கித் திணறி ஓடினால் முதலில் பழி விழுவது கிராபிக்ஸ் கார்டின் மீதுதான். “லேக் அடிக்குது, கார்டு பத்தல” என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்ட, மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போன் போய்விடும். புத்தம் புது கேமுக்கு இந்தப் பழி பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பத்து, இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு முன் வந்த கவுண்டர்-ஸ்டிரைக், கிரைசிஸ், ஃபியர், பார்டர்லேண்ட்ஸ் போன்றவற்றுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது என்பதே இந்த மடலில் நான் சொல்ல வருவது. அவற்றின் வேகத்தைக் கட்டிப் போட்டிருக்கும் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. அதை அவிழ்க்காமல் கார்டை மட்டும் மாற்றினால் பணம் போகும், வேகம் வராது. சில கேம்களில் இருந்த வேகமும் குறையும். கடைசியில் சொன்னது விளையாட்டுப் பேச்சு அல்ல. அதற்கான சான்றுகளைக் கீழே தருகிறேன்.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வெளியூர் உவமை தேவையில்லை. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அதில் அகலப் பாதையும் போட்டார்கள். ஆனாலும் சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த எக்ஸ்பிரஸ், மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் போனது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னலே விழாது. முன்னால் எந்த இன்ஜினை மாட்டினாலும் இந்த இரண்டு எண்களும் அசையவில்லை, ஏனென்றால் அவை இன்ஜினின் எண்கள் அல்ல, பாலத்தின் எண்கள். 2022 டிசம்பரில் பாலத்தின் நிலை கண்டு ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகுதான் ரயில்கள் அந்தக் கடலை வேகமாகக் கடக்கத் தொடங்கின. பழைய கேம் என்பது பழைய பாலம். கிராபிக்ஸ் கார்டு அதன் மேல் ஓடும் இன்ஜின்.

திரையில் ஒரு பிரேம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முதலில் சிபியு வேலை செய்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, எந்தச் சுவர் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டு, பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் “இதை வரை” என்று ஓர் ஆணை எழுதுகிறது. அந்த ஆணைகளை டிரைவர் வாங்கிக் கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. அதன் பிறகே கார்டு வரைகிறது. கார்டு இந்தப் பிரேமை வரையும்போதே சிபியு அடுத்த பிரேமுக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆகவே மொத்த வேகத்தை முடிவு செய்வது இருவரில் மெதுவானவர். ஒரு பிரேமுக்குச் சிபியு 16 மில்லி வினாடியும் கார்டு 33 மில்லி வினாடியும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 30 பிரேம் கிடைக்கும். கார்டை மாற்றி 33ஐ 10 ஆக்கினால் வேகம் இரட்டிப்பாகி 60ஐத் தொடும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் இன்னும் விலை உயர்ந்த கார்டு வாங்கி 10ஐ 2 ஆக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சிபியு அதே 16 மில்லி வினாடியில் நிற்கிறது. கார்டு வேலையை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் தடவை பலித்த மருந்து இரண்டாம் தடவை பலிக்காததற்கு வேறு மாயம் எதுவும் இல்லை.

இதற்கு உலகறிந்த சான்று கிரைசிஸ். பாம்பனில் அகலப் பாதை திறந்த அதே 2007இல், மூன்று மாதம் கழித்து நவம்பரில், ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் உருவாக்கிய அந்தக் கேம் வெளிவந்தது. அன்றைய உச்ச வரிசைக் கார்டுகளில் ஒன்றான ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கூட அதன் மிக உயர்ந்த செட்டிங்கில் மூச்சு வாங்கியது. “இதுல கிரைசிஸ் ஓடுமா?” என்ற கேள்வி எந்தக் கணினியையும் கேலி செய்யும் பழமொழியாகவே ஆகிவிட்டது. அந்த 8800 ஜிடிஎக்ஸில் இருந்த கணக்கு அலகுகள் 128, நினைவகம் 768 எம்பி. 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5090இல் அலகுகள் 21,760, நினைவகம் 32 ஜிபி. அலகுகளின் எண்ணிக்கை மட்டும் சரியாக 170 மடங்கு. ஒவ்வொரு அலகும் முன்னைவிட வேகமாகவும் துடிக்கிறது. கார்டுதான் எல்லாம் என்றால் 2007இல் 25 பிரேமில் திணறிய காட்சி இன்று நாலாயிரத்தைத் தாண்டிப் பறக்க வேண்டும். நடப்பது என்ன? இலேசான காட்சிகளில் நூற்றுக்கும் மேல் போகும். கூட்டமும் வெடியும் சேர்ந்த கட்டங்களில் சடாரென்று கீழே விழும். டிஜிட்டல் ஃபவுண்டரி போன்ற தொழில்நுட்ப விமர்சகர்கள், கேம் வந்து பத்தாண்டு கடந்த பிறகும், அன்றைய உச்சச் சிபியுவையும் கார்டையும் சேர்த்துப் போட்டு, சில கட்டங்களில் 60 பிரேமைக் காப்பாற்ற முடியவில்லை என்று காட்டினார்கள்.

காரணம் கேம் பிறந்த காலத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிபியு உலகம் முழுவதும் ஒரே திசையை நம்பியிருந்தது: துடிப்பு வேகம் கூடிக்கொண்டே போகும், பத்து கிகாஹெர்ட்ஸ் தூரத்தில் இல்லை என்று இன்டெலே பேசியது. 2004இல் பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸில் முட்டி நின்றது. சூடு தாங்கவில்லை. அதன் பிறகு வேகத்தைக் கூட்டாமல் கோர்களைக் கூட்டும் பாதைக்கு எல்லா நிறுவனங்களும் திரும்பின. இன்றைய உச்சச் சிபியுவும் ஆறு கிகாஹெர்ட்ஸ் அருகில்தான் நிற்கிறது. கோர்கள்தான் எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று பெருகிவிட்டன. கிரைசிஸின் பெரும்பகுதி வேலையோ ஒன்றிரண்டு கோர்களிலேயே நடக்கிறது. மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. தீவின் ஒவ்வொரு மரத்துக்கும் தகரக் கூரைக்கும் தனித்தனி ஆணை எழுத வேண்டும். அதை எழுதும் கை ஒன்றே ஒன்று. எதிர்காலத்துக்காகக் கட்டிய கேம் என்று புகழ்ந்தார்கள். உண்மைதான், ஆனால் அது கட்டியது வராமல் போன ஒரு எதிர்காலத்துக்காக. வானில் பறந்து சண்டையிடும் ‘அசென்ஷன்’ கட்டம் சிபியுவை எவ்வளவு வதைத்தது என்றால், 2011இல் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் கொண்டுபோனபோது அதை வெட்டிவிட்டார்கள். 2020 செப்டம்பரில் வந்த புதுப்பித்த பதிப்பிலும் முதலில் அது இல்லை, பின்னால்தான் சேர்த்தார்கள்.

கிரைசிஸ் கனமான கேம், அதை வைத்து எல்லாவற்றையும் அளக்கலாமா என்று கேட்பீர்கள். சரி, இறகு போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 வந்தது 2003 செப்டம்பரில். அதற்கு வால்வ் நிறுவனம் கேட்பது 500 மெகாஹெர்ட்ஸ் சிபியு, 96 எம்பி நினைவகம், 16 எம்பி கிராபிக்ஸ் கார்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் தனிக் கார்டு கிடையாது. இந்த அளவுகோலை அவை பலமுறை தாண்டி நின்றன. அதில் ஓடியதைத்தான் இன்று இரண்டு லட்ச ரூபாய்க் கார்டிலும் ஓட்டப் போகிறோம். அதுவும் அந்தக் கேமின் நிரலிலேயே வினாடிக்கு 100 பிரேம் என்று நெடுங்காலம் ஒரு வேலி இருந்தது. வேலியை உடைத்தால் துப்பாக்கியின் நடத்தையும் தாவும் விதமும் மாறுகின்றன என்று பழைய ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். 1999இன் குவேக் 3 இன்னும் வேடிக்கை. அது நேரத்தை முழு மில்லி வினாடிகளாக மட்டும் எண்ணும். எட்டு மில்லி வினாடிக்கு ஒரு பிரேம் என்றால் வினாடிக்கு 125. அந்த எண்ணில் ஓடும்போது தாவும் உயரம் சற்றுக் கூடும். ஆகவே அந்த உலகில் 125 என்பது வெற்றி எண், 140 என்பது வீண் எண். 2004இன் டூம் 3 தன் உலகத்தை வினாடிக்கு 60 முறைதான் நகர்த்துகிறது. அதற்கு மேல் கார்டு எதை வரைந்தாலும் அதே படம்தான் மறுபடி. காற்று 58ஐத் தாண்டினால் நிறுத்து என்று பாலத்தில் எழுதி வைத்தது போல, கேமை எழுதியவர்களே உள்ளே எழுதி வைத்த எண்கள் இவை.

இதுவரை சொன்னதெல்லாம் புதிய கார்டு உதவாத கதை. இனிப் புதிய கார்டு கெடுத்த கதை. 2022இல் இன்டெல் தன் ஆர்க் கார்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. புதிய கேம்களில் விலைக்கேற்ற வேலை செய்தன. 2012இல் வந்த கவுண்டர்-ஸ்டிரைக் குளோபல் அஃபென்சிவ்வை ஓட்டிப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். விலை குறைந்த பழைய கார்டுகள் ஆர்க்கை முந்தின. அந்தக் கேம் பேசும் மொழி டைரக்ட்எக்ஸ் 9. இன்டெல் அந்தப் பழைய மொழிக்கு நேரடி டிரைவர் எழுதாமல், அதை டைரக்ட்எக்ஸ் 12 ஆக மொழிபெயர்க்கும் மைக்ரோசாஃப்டின் இடைத்தரகரை நம்பியது. அதே ஆண்டு டிசம்பரில் டிரைவரை மாற்றினார்கள். லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் எழுதிய டிஎக்ஸ்விகே என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் பகுதிகளை அதில் சேர்த்தார்கள். அதே கார்டு, அதே கேம், வேகம் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. ஏஎம்டியும் 2022 ஜூலையில் ஓப்பன்ஜிஎல் டிரைவரைத் திருத்தி எழுதியபோது, பயனாளர்கள் கையில் ஏற்கெனவே இருந்த கார்டுகளிலேயே மைன்கிராஃப்ட் ஏறக்குறைய இரட்டை வேகம் பிடித்தது. (கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 பேசுவதும் ஓப்பன்ஜிஎல்தான் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.) ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை.

இரண்டாவது கதை என்விடியாவுடையது. 2012இன் பார்டர்லேண்ட்ஸ் 2இல் சுவரில் சுட்டால் கற்துகள் சிதறும், துணி கிழிந்து ஆடும், திரவம் வழியும். இவற்றைக் கணக்கிடுவது ஃபிஸ்எக்ஸ் என்ற மென்பொருள். கார்டின் துணையோடு அது ஓடும். ஆனால் அந்தக் காலத்துக் கேம்கள் 32 பிட் நிரல்கள். 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 32 பிட் துணையை என்விடியா நீக்கிவிட்டது. கணக்கு முழுவதும் சிபியுவின் தலையில் விழுந்தது. உலகின் மிக விலையுயர்ந்த விளையாட்டுக் கார்டில் பதின்மூன்று வயதுக் கேம் நொண்டியது. சிலர் பழைய சிறிய கார்டு ஒன்றை இரண்டாவதாகச் செருகி, துகள் கணக்கை மட்டும் அதற்குக் கொடுத்துத் தப்பித்தார்கள். ராஜாவுக்குப் பக்கத்தில் பழைய வேலைக்காரனை நிறுத்தி வைத்தது போல. ஆட்டக்காரர்கள் போட்ட கூச்சலில் அந்த ஆண்டு இறுதியில் சில குறிப்பிட்ட கேம்களுக்கு மட்டும் அந்தத் துணை டிரைவர் வழியே திரும்பி வந்தது. பட்டியலில் இல்லாத கேம்களுக்கு இல்லை. பழைய கேமுக்காகப் புதிய கார்டு வாங்குவோர் இதை ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்: கார்டு நிறுவனம் தன் பொறியாளர்களின் நேரத்தைச் செலவிடுவது அடுத்த மாதம் வரும் கேமுக்காகத்தான், உங்கள் பழைய கேம் அதன் கணக்கில் கடைசி வரிசை.

கார்டுக்குத் தொடர்பே இல்லாத இடத்திலும் முடிச்சு இருக்கும். 2005இல் வந்த ஃபியர் இன்றைய கணினிகளில் சற்று நேரம் ஓடியதும் தேங்கத் தொடங்கும். குற்றவாளி யார் தெரியுமா? மவுஸும் கீபோர்டும். கணினியில் செருகியிருக்கும் உள்ளீட்டுக் கருவிகளை அந்தக் கேம் தவறான முறையில் திரும்பத் திரும்ப விசாரிக்கிறது. இன்றைய கேமிங் மவுஸ் ஒன்றே நான்கைந்து கருவிகளாகத் தன்னைக் காட்டிக்கொள்வதால் விசாரணை நீள்கிறது, பிரேம் விழுகிறது. ஆர்வலர்கள் எழுதிய சின்னஞ்சிறு திருத்தக் கோப்பு ஒன்றைக் கேமின் ஃபோல்டரில் போட்டால் சரியாகிவிடும். செலவு பூஜ்யம். குவேக் வழி வந்த சில பழைய கேம்கள் புதிய கார்டில் திறந்த உடனே மூடிக்கொள்வதும் இதே ரகம்தான். கார்டு தன் திறமைகளை வரிசையாகச் சொல்லும் பட்டியலை வாங்கி வைக்க அந்தக் கேம்கள் சிறு பாத்திரத்தை ஒதுக்கியிருந்தன. இருபத்தைந்து ஆண்டில் பட்டியல் நீண்டு பாத்திரம் வழிந்துவிட்டது. கார்டு பலவீனமாக இருந்து கெட்டதல்ல, திறமை கூடிப்போய்க் கெட்டது.

இனி உங்கள் தரப்பு வாதங்களுக்கு வருகிறேன். “பிரேம் கூடாவிட்டால் போகட்டும், படம் அழகாகுமே” என்பது முதல் வாதம். இது நியாயமானது; இதை நான் மறுக்கவில்லை. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றால் அதற்கு வேலை கொடுக்கலாம். ரெசல்யூஷனை 4கே ஆக்கலாம், விளிம்புகளின் பல்வரிசையை மழுக்கலாம், தூரத்து மணலையும் கூர்மையாக்கலாம். வேகம் குறையாமல் படம் மெருகேறும். ஆனால் அதற்கு 4கே மானிட்டர் வேண்டும். மேசையில் இருப்பது 1080 மானிட்டர் என்றால் அந்த மெருகில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது, நடுத்தரக் கார்டே போதும். இன்னொரு விதிவிலக்கும் உண்டு. 1997இன் குவேக் 2க்கு என்விடியா 2019 ஜூனில் ஒளிக்கதிர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் புதிய வரைமுறையைப் பொருத்தி வெளியிட்டது. அன்றைய உச்சக் கார்டுகளே அதில் வியர்த்தன. இங்கே கார்டு உண்மையிலேயே தீர்மானிக்கிறது. ஏன்? பாலத்தையே இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். எதிரியும் சுவரும்தான் 1997இலிருந்து வந்தவை. வரையும் நிரல் புதிது.

அதே கதைதான் இரண்டாவது வாதத்திலும். “கவுண்டர்-ஸ்டிரைக் இப்போது கனமாகிவிட்டதே, எங்கள் பழைய கார்டில் ஓடவில்லையே” என்பீர்கள். 2023 செப்டம்பர் இறுதியில் குளோபல் அஃபென்சிவ்வின் இடத்தில் வால்வ் வைத்தது கவுண்டர்-ஸ்டிரைக் 2. சோர்ஸ் 2 என்ற புதிய அடித்தள நிரல். குண்டு பாய்ந்தால் புகை கூட விலகும். பெயர் பழையதாக இருந்தாலும் கேம் புதிது, அதற்குப் பழைய கார்டு பத்தாமல் போவதில் வியப்பில்லை. வாங்க வேண்டியிருந்தால் வாங்குங்கள். வேலோரண்ட் என்ற கேமோ 2020இல் வந்தும் எதிர்த் திசையில் போனது: இன்டெல் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் எச்டி 4000 கிராபிக்ஸில் 30 பிரேம் ஓட வேண்டும் என்று குறைந்தபட்ச அளவை வைத்துக் கட்டினார்கள். கேமின் வயதையோ பெயரையோ பார்த்துக் கார்டை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இவை இரண்டும் போதும்.

மூன்றாவது வாதம் கைதேர்ந்த ஆட்டக்காரர்களுடையது: “60 ஹெர்ட்ஸ் மானிட்டரில்கூட 300 பிரேமில் ஆடினால் கைக்கு வேறு மாதிரி இருக்கிறது.” பொய் இல்லை. மானிட்டர் வினாடிக்கு 60 படம்தான் காட்டும். ஆனால் 60 பிரேமில் ஒரு படம் தயாராக 16.7 மில்லி வினாடி, 300இல் 3.3. காட்டப்படும் படம் அந்த அளவுக்குப் புத்தம் புதியது. இந்தச் சில மில்லி வினாடிகள் தேர்ந்த கைக்குத் தெரியலாம். ஆனால் நம் கரையிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம் அதைவிடப் பல மடங்கு. அது கார்டைக் கேட்டு நடப்பதில்லை. சர்வரைச் சென்னைக்கு மாற்றிக்கொள்ளக் கேம் இடம் தருமானால் மாற்றுங்கள். வைஃபையை விட்டுவிட்டு வயரைச் செருகுங்கள். கார்டில் போடும் பணத்தில் ஒரு பங்கை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டால், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் பிரேம்களைக் கண் முதல் முறையாகப் பார்க்கும். எண்ணைக் காட்டும் மூலையைப் பார்த்து மகிழ்வதும் விளையாட்டில் ஒரு பகுதிதான் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

“நாளைக்கு ஆகும், இன்றே பெரிதாக வாங்கிப் போட்டுவிடுவோம்” என்பது நான்காவது. கடைக்காரர்கள் இதை அதிகம் சொல்வார்கள். நாளை வரப்போகும் கேமின் பெயர் தெரிந்தால் அதற்கு வாங்குவது சரி. பெயரில்லாத நாளைக்கு வாங்குவது கிரைடெக் செய்த பந்தயம். அவ்வளவு பெரிய பொறியாளர் கூட்டமே எந்த நாள் வரும் என்று தவறாகக் கணித்தது. கார்டு கிடங்கில் காய்ந்தால் விலை ஏறும் கருவாடு அல்ல. ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு இறங்கும் பொருள். அதுவும் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை மீன்பிடித் தடை விழும் 61 நாளில் வீட்டு வரவே சுருங்கும் ஊர்களில், பிள்ளை கேட்டான் என்று தவணையில் கார்டு எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

நம் கரைக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. சென்னை, பெங்களூர் விமர்சகர்கள் இதை எழுத மாட்டார்கள். பாம்பன் பாலத்தின் இரும்பை நூறாண்டாகத் தின்ற அதே உப்புக்காற்றைத்தான் கார்டின் விசிறியும் உள்ளே இழுக்கிறது. வெப்பத் தகட்டின் இடுக்கில் ஈர உப்புத் தூசி படிந்தால் சூடு வெளியேறாது. செம்பு முனைகளில் பச்சை பூக்கும். முனை அரித்தால் மின்தடை கூடும், மின்தடை கூடினால் இணைப்பு சுடும். ஆர்டிஎக்ஸ் 4090 கேட்பது 450 வாட், 5090 கேட்பது 575 வாட். 12 வோல்ட்டில் அது 37.5, 48 ஆம்பியர். 2022 அக்டோபரில் 4090 வந்த சில நாளிலேயே அதன் புதிய வகை இணைப்பு உருகிய புகார்கள் உலகெங்கும் கிளம்பின. அவற்றுக்கு உப்புக்காற்று கூடத் தேவைப்படவில்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற 75 வாட் கார்டுக்குத் தனி வயரே வேண்டாம், போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது என்பதற்காக உங்கள் கடை மின்கட்டணம் குறையப்போவதில்லை. 575 வாட் கார்டுக்கு ஏசியும் கூடுதலாக உழைக்கும்.

பழைய கேமை வேலியில்லாமல் புதிய கார்டில் விட்டால் இன்னொரு தொல்லை. மெனு திரையில், வரைய ஒன்றுமே இல்லாத இடத்தில், வினாடிக்கு ஆயிரக்கணக்கில் பிரேம் பாயும். கார்டின் சுருள்கள் கீச்சென்று கத்தும். 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் என்ற கேமின் சோதனைப் பதிப்பு இப்படி ஓடியபோது சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. பின்னால் அந்தக் கார்டுகளின் தயாரிப்பாளர் ஆராய்ந்து சில கார்டுகளில் சால்டரிங் குறை இருந்ததாகச் சொன்னார். குறை கார்டில்தான், ஆனால் அதை வெளியே இழுத்து வந்தது வரம்பில்லாத பிரேம். டிரைவர் செட்டிங்கில் போய் மானிட்டரின் ஹெர்ட்ஸ் எவ்வளவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு வரம்பைப் போட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: கேம் மிக இலேசானது என்று கார்டு தூங்கும் வேகத்திலேயே இருந்துவிட்டு, திடீர்ச் சண்டையில் விழித்தெழத் தாமதமாகி ஒரு குலுக்கல் கொடுக்கும். அதே செட்டிங் பக்கத்தில் அந்தக் கேமுக்கு மட்டும் மின்சேமிப்பை நிறுத்தினால் அது போய்விடும்.

இவ்வளவு படித்த பிறகும் உங்கள் கணினியில் முடிச்சு எங்கே என்ற சந்தேகம் இருந்தால் தீர்க்க ஐந்து நிமிடம் போதும். திணறும் அந்தக் கட்டத்திலேயே நின்று பிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமின் செட்டிங்கில் ரெசல்யூஷனை இருப்பதிலேயே கீழே இறக்குங்கள். 800க்கு 600, முடிந்தால் 640க்கு 480. படம் கட்டம் கட்டமாகத் தெரியும், பரவாயில்லை. இப்போது கார்டுக்கு வேலை பல மடங்கு குறைந்துவிட்டது, சிபியுவுக்கு ஏறக்குறைய அதே வேலை. எண் சட்டென்று உயர்ந்தால் கார்டுதான் பத்தவில்லை, ரிச்சி தெருவுக்குப் போன் போடலாம். எண் அசையாமல் அங்கேயே நின்றால் கார்டு குற்றமற்றது. டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள், தேவையில்லாமல் செருகியிருக்கும் கருவிகளைக் கழற்றிப் பாருங்கள், டிஎக்ஸ்விகே கோப்பைக் கேம் ஃபோல்டரில் போட்டுப் பாருங்கள். (ஆன்லைன் போட்டிக் கேம்களில் மட்டும் இப்படி வெளிக் கோப்பு எதையும் போடாதீர்கள்; ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் மென்பொருள் உங்களையும் பிடித்துவிடும்.) அதற்கும் அசையாவிட்டால் வேகமான கோர் உள்ள சிபியுவை விசாரியுங்கள். கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சோதனையை உங்கள் கடையில் அதிகம் ஓடும் பழைய கேம்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முறை செய்து, கிடைத்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யாராவது “கார்டு பத்தல” என்று தொடங்கினால் அந்தத் தாளைக் காட்டினால் போதும்.

அன்புடன்,
இந்தக் கரையை நேசிக்கும் ஒரு கட்டுரையாளன்